விமானம் காட்டும் பொட்டாசியமும் வயல் கேட்கும் பொட்டாசியமும்

நிலத்தில் கால் வையாமலே அந்நிலத்துப் பாறைகளின் இயல்பை அளந்தறியலாம் என்பது இன்று கற்பனையன்று. தரைக்கு மேல் 80 அல்லது 100 மீட்டர் உயரத்தில், உழவுச் சால் போன்ற இணைகோடுகளில் பறந்து செல்லும் ஆகாய விமானம், பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இயற்கையாகவே எழும் காமாக் கதிர்களை நொடிதோறும் எண்ணிக்கொண்டு போகிறது. அவ்வெண்ணிக்கைகள் பின்னர்த் திருத்திக் கணக்கிடப்பட்டு, பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகிய மூன்றும் எங்கு மிகுந்துள்ளன, எங்குக் குறைந்துள்ளன என்று காட்டும் வண்ணப் படங்களாக வெளிவருகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2017-இல் தொடங்கிய தேசிய வான்வழிப் புவி இயற்பியல் வரைபடத் திட்டத்தில், கனிம வாய்ப்புடைய பகுதிகளின் மேல் 300 மீட்டர் இடைவெளிக் கோடுகளில், ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், காந்தப் புலமும் காமாக் கதிரும் ஒருங்கே அளக்கப்படலாயின. முன்பு நிலவியலார் மட்டுமே கண்டுவந்த இத்தகைய படங்கள், 2023 டிசம்பரில் தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் திறக்கப்பட்ட பின் பிறர்க்கும் எட்டக்கூடியவை ஆகிவருகின்றன.

இப்படங்களின் பெருமையை எடுத்துரைப்பது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றைக் கையில் ஏந்தி ஊருக்குள் செல்லும் களப்பணியாளரும், வகுப்பறையில் விரித்துக் காட்டும் ஆசிரியரும் எவ்வாறு அவற்றைப் படிக்க வேண்டும், எவ்வாறு படிக்கலாகாது என்பதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன். படம் பொய் சொல்வதில்லை. அதனை மக்கள் மொழிக்குக் கொண்டுவரும் நாம்தான் சில வேளைகளில் அதனைப் பொய்யாக்கி விடுகிறோம். இதற்கு என் கையாலேயே நேர்ந்த பிழை ஒன்றைச் சான்றாகத் தருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய படமொன்றின் விளக்கக் குறிப்பைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. பொட்டாசியம் மிகுதியாக உள்ள பகுதி என்னும் பொருளுடைய தொடரை, படிப்போர்க்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்ணி, 'சாம்பல் சத்து மிகுந்த நிலம்' என்று எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் அதனைப் படித்த வேளாண் களப்பணியாளர் ஒருவர், "அப்படியானால் இப்பகுதி உழவர்கள் பொட்டாஷ் உரம் இட வேண்டியதில்லை என்று நான் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான வினாவே. நான் எழுதிய சொல் அவரை அவ்வாறுதான் கேட்கச் செய்யும். அவர் கேளாதிருந்தால் அத்தொடர் அப்படியே அச்சேறி, நான்கைந்து ஊர்களில் உரத்தைக் குறைத்து விளைச்சலை இழக்கும் நிலைக்கு உழவர் எவரையேனும் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அன்று முதல் இப்பொருளைப் பற்றிச் சிந்தித்து வருகிறேன்.

எண்ணப்படுவது எது?

மரச் சாம்பலைப் பானையில் நீரூற்றிக் கரைத்து வடித்து, அந்நீரைக் காய்ச்சி எடுத்த உப்புக்கு ஐரோப்பியர் 'பொட்டாஷ்', அதாவது பானைச் சாம்பல், என்று பெயரிட்டனர். 1807-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து பிரித்தெடுத்த உலோகமே பொட்டாசியம். அது மிகச் சிறிதளவு கதிரியக்கம் உடையது என்பதை 1906-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காம்பெல், உட் என்னும் இருவர் கண்டனர். அதற்குக் காரணமான ஐசோடோப் எதுவென்பது 1935-இல் நீர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி பொட்டாசியம் 40-ஐ இனங்கண்ட பின்னரே விளங்கலாயிற்று. இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் அதன் பங்கு 0.0117 சதவீதமே. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். சிதையும் அணுக்கள் நூற்றில் சுமார் 89 கால்சியம் ஆகின்றன. எஞ்சிய 11 ஆர்கான் ஆகும்போது, 1.46 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர் வெளிப்படுகிறது. விமானம் தேடி எண்ணுவது இந்தக் கதிரையே.

ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன. அவற்றுள் மூன்றளவிலேயே மேற்கூறிய காமாக் கதிர் பிறக்கிறது. ஒரு கிராமுக்கு மூன்று என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பூமியின் மேலோட்டில் பொட்டாசியம் சராசரியாக 2 சதவீதத்துக்கும் சற்று மேலாக உள்ளது. ஒரு மலைச்சரிவு முழுவதிலும் அது பரந்து கிடப்பதால், நூறு மீட்டர் உயரத்திலும் எண்ணத்தக்க அளவுக்குக் கதிர்கள் வந்தெட்டுகின்றன. அவற்றை வாங்கும் கருவியின் உயிர்நிலை, தாலியம் சிறிதளவு கலந்த சோடியம் அயோடைடுப் படிகம். 1948-இல் ஹாப்ஸ்டாடர் கண்டறிந்த இப்படிகம், காமாக் கதிர் பட்டால் மெல்லிய ஒளிப்பொறியைத் தருகிறது. கதிரின் ஆற்றலுக்கு ஏற்ப ஒளி கூடும் அல்லது குறையும். ஆதலின் எந்தக் கதிர் எந்தத் தனிமத்திலிருந்து வந்ததென்று பிரித்தறிய இயலுகிறது. விமானங்களில் இப்படிகங்கள் மொத்தம் 30 முதல் 50 லிட்டர் வரை கன அளவுடையனவாகப் பொருத்தப்படுவது வழக்கம்.

பொட்டாசியத்தின் கதிர் பொட்டாசியத்திலிருந்தே நேராக வருவது. யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும் நிலைமை வேறு. யுரேனியத்தின் வழித்தோன்றலாகிய பிஸ்மத் 214 விடும் 1.76 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கதிரையும், தோரியத்தின் வழித்தோன்றலாகிய தாலியம் 208 விடும் 2.61 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கதிரையும் எண்ணியே அவ்விரண்டின் அளவும் உய்த்துணரப்படுகின்றன. மூதாதையும் வழித்தோன்றலும் இடையில் பிரிந்து போகாமல் ஒரே இடத்தில் சமநிலையில் இருக்கின்றன என்பது இக்கணக்கின் அடிப்படை. இதனால்தான் அப்படங்களில் 'சமான யுரேனியம்', 'சமான தோரியம்' என்று எழுதுகின்றனர். 'சமான' என்னும் அச்சிறு சொல்லைத் தேவையற்றதெனக் கருதி விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், விஞ்ஞானி வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கையை அழித்தவர் ஆகிறார்.

மற்றுமொன்று. தோரியம் மிகுந்த நிலத்தின் மேல் பறக்கும்போது, அதன் வலிய கதிர்கள் மண்ணிலும் காற்றிலும் படிகத்திலும் சிதறி ஆற்றல் குறைந்து, பொட்டாசியத்துக்குரிய ஆற்றல் எல்லைக்குள்ளும் வந்து விழும். கேரளத்தின் சவரா கடற்கரையில் மோனசைட் மணலின் மேல் பறந்து, இச்சிதறலைக் கழிக்காமல் கணக்கிட்டால், அம்மணலில் இல்லாத பொட்டாசியம் படத்தில் தோன்றும். விமானத்தின் உலோகத்திலிருந்து வருவது, விண்ணிலிருந்து வருவது, காற்றிலுள்ள ரேடானின் வழித்தோன்றல்களிலிருந்து வருவது ஆகிய எல்லாவற்றையும் கழித்து, பறந்த உயரத்துக்கும் திருத்தம் செய்த பின்னரே படம் பிறக்கிறது. ஏறத்தாழ 75 மீட்டர் கூடுதலாக உயர்ந்தால் பொட்டாசியத்தின் எண்ணிக்கை பாதியாகிவிடும் என்பதை நினைவிற்கொண்டால் உயரத் திருத்தத்தின் இன்றியமையாமை விளங்கும். எனவே கையில் உள்ள படம், கருவி கண்ட காட்சி அப்படியே அன்று. பல கணக்குகளின் விளைவு அது.

படத்தின் உண்மைப் பயன்

இவ்வளவு கழிவும் திருத்தமும் செய்து பெறும் படத்தால் விளையும் நன்மை பெரிது. தக்காணத்தின் எரிமலைக் குழம்புப் பாறையாகிய பசால்ட்டில் பொட்டாசியம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. கருங்கல் வகைகளுள் பலவற்றில் அது 3 அல்லது 4 சதவீதம் இருக்கும். ஆகவே பசால்ட் முடிந்து கருங்கல் தொடங்கும் எல்லை, மண் மூடிய இடத்திலும் படத்தில் புலப்படும். கர்நாடகத்தில் வடக்குத் தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் குளோஸ்பேட் கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். ராமநகரத்தின் பழைய பெயரால் வழங்கும் இப்பாறை, 250 கோடி ஆண்டு முதுமை உடையது. இளஞ்சிவப்பான பொட்டாசியப் பெல்ஸ்பார்ப் படிகங்கள் நிறைந்தது. சுற்றிலும் உள்ள பழைய நைஸ் பாறைகளில் சோடியமே மேலோங்கியிருக்கும் இடங்கள் பல. இவ்வேறுபாட்டைக் கால்நடையாகச் சென்று கல் கல்லாக உடைத்துப் பார்த்து வரைவதற்கு ஆண்டுகள் பல ஆகும். விமானம் அதன் முதல் வரைவைச் சில வாரங்களில் தந்துவிடுகிறது.

கனிமம் தேடுவோர்க்கு மேலும் நுட்பமான பயன் உண்டு. உருகிய பாறைக்குழம்பு படிப்படியாக இறுகும்போது பொட்டாசியமும் தோரியமும் பெரும்பாலும் சேர்ந்தே பெருகும். பின்னர் வெந்நீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் ஏறிப் பாய்ந்து பாறையை மாற்றுமிடத்தில், பொட்டாசியம் மட்டும் புதிதாகச் சேரும், தோரியம் சேராது. தாமிரமும் தங்கமும் அத்தகைய கரைசல்களோடு வருவது உண்டு. ஆதலின் பொட்டாசியம் மிகுந்து, தோரியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்வது நல்ல முறை. கனடாவின் யூக்கான் பகுதியில் காசினோ என்னும் தாமிரப் படிவின் மேல் இவ்வடையாளம் தெளிவாகத் தெரிந்தமையை அந்நாட்டு நிலவியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். இதில் அறிய வேண்டியது ஒன்று. அங்கும் பயன் தந்தது பொட்டாசியத்தின் மிகுதி மட்டுமன்று. அதனைத் தோரியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தமையே. ஒரு நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கூறுவோர்க்கு இது பாடமாகும்.

படம் காணாத ஆழம்

இனிப் பிழையாகப் படிக்கும் வகைகளைக் காண்போம். முதலாவது, ஆழம் பற்றியது. பாறையினுள் பிறக்கும் காமாக் கதிர் அப்பாறையாலேயே விழுங்கப்படுகிறது. விமானத்தை எட்டும் கதிர்களில் மிகப் பெரும்பகுதி, மேற்பரப்பின் முதல் 30 முதல் 45 சென்டிமீட்டரிலிருந்து வருவதே. முழங்கை ஆழத்துக்குக் கீழே உள்ளது எதுவாயினும் விமானம் அதனை அறியாது.

நம் நாடு பொட்டாஷ் உரத்துக்கு ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. அதனால் பொட்டாசியப் படம் என்றவுடன், உரச் சுரங்கத்துக்கு வழிகாட்டும் படம் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் ராஜஸ்தானத்தின் நாகௌர் - கங்காநகர்ப் படுகையில் உள்ள பொட்டாஷ் உப்புகள், பாறை உப்போடு சேர்ந்து பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. அவற்றைக் கண்டது துளைக்குழாய். காமாக் கதிர் விமானமன்று. அவற்றின் மேல் நூறு முறை பறந்தாலும், மேலே பரந்துள்ள மணலின் பொட்டாசியத்தையே படம் காட்டும். படத்தில் நிறம் மங்கியிருப்பது கண்டு 'இங்குப் பொட்டாஷ் இல்லை' என்பதும், நிறம் ஓங்கியிருப்பது கண்டு 'இங்குப் பொட்டாஷ் உண்டு' என்பதும் ஒரே வகைப் பிழைகள்.

வயலின் கணக்கு வேறு

இரண்டாவது பிழை, நான் செய்த பிழை. விமானம் அளப்பது மொத்தப் பொட்டாசியம். பெல்ஸ்பாரின் படிகக் கூட்டுக்குள் இறுகப் பிணைந்திருப்பதும், அபிரகத்தின் அடுக்குகளுக்கிடையே சிக்கியிருப்பதும், களிமண் துகளின் மேல் ஒட்டியிருப்பதும், மண் நீரில் கரைந்திருப்பதும் அதற்கு ஒன்றே. அணுக்கரு சிதையும்போது, அது எந்தக் கனிமத்தில் உள்ளது என்பதைக் கதிர் சொல்வதில்லை. பயிருக்கோ கடைசி இரண்டுமே உடனே உதவுவன.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 22 லட்சம் கிலோ எடையுள்ளது. அதில் பொட்டாசியம் 2 சதவீதம் என்றால் 44,000 கிலோ ஆகிறது. ஆனால் மண் பரிசோதனைக் கூடத்தில், பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க பொட்டாசியம் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்கு மேல் இருந்தாலே 'மிகுதி' என்று பொதுவாகக் குறிப்பர். மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும் பொன்னுக்கும், சட்டைப் பையில் உள்ள சில்லறைக்கும் உள்ள வேறுபாடே இது. சந்தைக்குப் போகிறவனுக்கு உதவுவது சில்லறை.

இவ்விரண்டும் ஒரே திசையில் கூடிக் குறைவதாக இருந்தாலும் படத்தை ஒருவாறு பயன்படுத்தலாம். உண்மை நிலை அதுவுமன்று. தக்காணப் பசால்ட் பொட்டாசியம் குன்றிய பாறை. காமாக் கதிர்ப் படத்தில் அது மங்கலாகவே தோன்றும். எனினும் அதன் மேல் உள்ள கரிசல் மண்ணில், பொட்டாசியத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் களிமண் மிகுதியாதலால், பயிர்க்குக் கிடைக்கும் பொட்டாசியம் பொதுவாகப் போதிய அளவில் அல்லது மிகுதியாகவே இருந்து வந்துள்ளது. மாறாக, கருங்கல் நாட்டுச் செம்மண்ணில் பெல்ஸ்பார் மணிகள் நிறைந்திருப்பினும், அதனைப் பற்றி வைக்கும் களிமண் குறைவாதலால், பயிர்க்குக் கிடைப்பது குறைந்திருக்கும் இடங்கள் பல. படம் ஓங்கிக் காட்டும் இடத்தில் வயல் பசித்திருக்கிறது. படம் மங்கிக் காட்டும் இடத்தில் வயலுக்குக் குறையில்லை. 'சாம்பல் சத்து மிகுந்த நிலம்' என்று நான் எழுதியது எவ்வளவு பெரிய தவறு என்பது இதனால் விளங்கும். சாம்பல் சத்து என்பது உழவர் மொழியில் பயிர் உண்ணும் உணவு. பாறையில் உள்ள பொட்டாசியத்துக்கு அப்பெயரை ஒருபோதும் இடலாகாது.

அலகிலும் ஓர் ஆபத்து உண்டு. உர மூட்டையில் எழுதப்படுவதும், பாறையின் இரசாயனப் பகுப்பாய்வில் குறிக்கப்படுவதும் பொட்டாசியம் ஆக்சைடின் சதவீதம். காமாக் கதிர்ப் படத்தில் குறிக்கப்படுவது பொட்டாசியத்தின் சதவீதம். பின்னதை 1.2-ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். 60 சதவீதம் என்று எழுதிய மியூரியேட் ஆப் பொட்டாஷ் மூட்டையில் பொட்டாசியம் 50 சதவீதமே. இதனைக் கவனியாது இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும்.

நீரும் பருவமும்

மூன்றாவது பிழை, படத்தை என்றும் மாறாத உண்மையாகக் கொள்வது. மண்ணில் ஈரம் 10 சதவீதம் கூடினால் எண்ணிக்கை ஏறத்தாழ அதே அளவு குறையும். நடவு முடிந்து ஒரு சாண் நீர் நிற்கும் வயல், கோடையில் வெடித்துக் கிடக்கும் அதே வயலைவிட மிகக் குறைந்த பொட்டாசியம் உடையதுபோல் தோன்றும். நீர் நிறைந்த ஏரியோ பொட்டாசியமே இல்லாத இடமாகத் தோன்றும். நீரின் அடியில் உள்ள பாறை மாறிவிடவில்லை. நீர் அதன் கதிரை மறைத்துக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்தவுடன் காற்றிலுள்ள ரேடானின் வழித்தோன்றல்கள் தரையில் படிவதால் யுரேனியத்தின் கணக்கும் பிறழும். இதனால்தான் மழைக்குப் பின் சில மணி நேரம் பறப்பதை நிறுத்தி வைக்கின்றனர்.

விமானம் ஒரு நொடியில் ஐம்பது அறுபது மீட்டர் முன்னேறிவிடுகிறது. ஒவ்வொரு நொடியும் சில நூறு மீட்டர் அகன்ற வட்டத்திலிருந்து கதிரை வாங்குகிறது. அவ்வட்டத்துக்குள் பாறைத் திட்டும், வயலும், குட்டையும், சரளைக் கற்கள் கொட்டிய சாலையும் இருக்கலாம். படத்தில் உள்ள ஒரு புள்ளி இவை யாவற்றின் சராசரி. வெளியூரிலிருந்து லாரியில் வந்த கருங்கல் ஜல்லி, அவ்வூர்ப் பாறையாகக் கணக்கில் ஏறிவிடவும் கூடும். லாட்டரைட் மண் மூடிய இடங்களில், பல்லாயிரம் ஆண்டு மழை பொட்டாசியத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டிருக்கும். தோரியம் பெரும்பாலும் தங்கியிருக்கும். அங்குப் பொட்டாசியத்தின் குறைவு பாறையின் இயல்பைக் காட்டிலும் பாறை மக்கிய வரலாற்றையே உணர்த்துகிறது. இவற்றையெல்லாம் பிரித்தறிய வல்லது விமானமன்று. சுத்தியலும் கையுமாக அவ்விடத்தில் நிற்கும் மனிதரே.

அச்சமும் ஒளிவற்ற பேச்சும்

நான்காவதாக, மக்களின் அச்சம். தாழப் பறக்கும் விமானத்தைக் கண்டு, அது ஏதோ கதிரைப் பாய்ச்சுகிறது என்றும், ஊருக்கடியில் யுரேனியம் இருப்பதால் நிலம் பறிபோகும் என்றும் ஊரார் எண்ணுவது புதுமையன்று. இதற்கு அஞ்சி, விளக்கக் குறிப்புகளில் 'கதிரியக்கம்' என்னும் சொல்லையே தவிர்த்துவிடலாம் என்று கூறுவோர் உளர். அவர்தம் நோக்கம் நல்லதாயினும் அக்கருத்தை நான் ஏற்கவில்லை. மறைத்த சொல் பின்னர் வேறொருவர் வாயால் வெளிவரும். அப்போது அச்சம் இரட்டிப்பாகும். ஐயத்தை வளர்ப்பது மறைப்பே.

உண்மையைச் சொல்வது கடினமன்று. விமானம் எந்தக் கதிரையும் கீழே செலுத்துவதில்லை. கீழிருந்து எப்போதும் எழுந்துகொண்டிருப்பதை எண்ணிக்கொள்கிறது, அவ்வளவே. கேட்கும் காதினால் பேச்சுக்குக் கேடில்லை. நம் உடலிலும் பொட்டாசியம் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருப்பதால், நொடிக்கு ஏறத்தாழ 4,400 அணுக்கள் அவருள்ளேயே சிதைகின்றன. இதனை அறிந்த மாணவர் கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு மருளமாட்டார். அதே வேளையில், எவ்வளவு என்று கேட்கவும் கற்றுக்கொள்வார். அளவைக் கேட்பதே விஞ்ஞான மனப்பான்மையின் தொடக்கம் அன்றோ?

இதே கருவி மக்களைக் காத்ததும் உண்டு. 1978 ஜனவரியில் சோவியத் நாட்டின் காஸ்மாஸ் 954 என்னும் செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்தபோது, அதன் சிதறல்களைத் தேட உதவியது பாறைகளை ஆராய்வதற்கென்று செய்த காமாக் கதிர் நிறமாலைக் கருவியே. 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் சுவீடன் தன் நிலத்தில் படிந்த சீசியத்தை நிலவியல் விமானங்களைக் கொண்டே விரைந்து அளந்தது. இயற்கையின் அளவு இதுவென்று முன்னரே அறிந்து வைத்திருந்தால்தான், வெளியிலிருந்து வந்து சேர்ந்ததைப் பிரித்துக் காண முடியும். அமைதிக் காலத்தில் வரைந்த பொட்டாசியப் படம் ஆபத்துக் காலத்தில் அளவுகோலாகிறது என்பதையும் ஊரார்க்கு எடுத்துச் சொல்லலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

"இப்படங்கள் வல்லுநர்க்காக வரையப்பட்டவை, அவர்கள் இக்குறைபாடுகளையெல்லாம் அறிவர், மற்றவர் பிழையாகப் படித்தால் அதற்குப் படம் பொறுப்பாகுமா?" என்று சிலர் கேட்கலாம். வல்லுநரின் அறைக்குள்ளேயே படம் இருந்த காலத்துக்கு இவ்விடை போதும். பொதுமக்கள் பணத்தில் வரைந்து, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்ட பின்னர் அது போதாது. திறந்து வைப்பது நற்செயல்; அதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆயினும் கதவைத் திறந்துவிட்டு விளக்கை ஏற்றாமல் விடுவது அரைகுறைப் பணி. விளக்கத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்து, படத்தின் நிறங்களை மட்டும் எல்லோர்க்கும் காட்டினால், நிறமே பேசும், எச்சரிக்கை பேசாது.

செய்ய வேண்டுவன

ஆதலின் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, பொதுமக்களுக்கு வெளியிடும் ஒவ்வொரு பொட்டாசியப் படத்துடனும், அப்பகுதி மக்களின் மொழியில் ஒரு பக்க விளக்கம் இருத்தல் வேண்டும். பறந்த மாதமும் உயரமும் கோட்டின் இடைவெளியும் அதில் இடம்பெறட்டும். 'இப்படம் மேற்பரப்பின் அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தை மட்டும் காட்டுவது. பயிர்க்குக் கிடைக்கும் சத்தைக் காட்டுவதன்று' என்னும் இரண்டு எச்சரிக்கைகள் முதல் வரியிலேயே நிற்கட்டும்.

இரண்டாவது, தரையில் சரிபார்த்த இடங்கள் படத்திலேயே குறிக்கப்பட வேண்டும். கையில் ஏந்தும் கருவியால் அளந்த இடம், கல் எடுத்துப் பகுத்தாய்ந்த இடம், அங்குக் கண்ட எண் ஆகியன தெரிந்தால், எஞ்சிய நிறங்கள் எவ்வளவு உறுதி உடையன என்பதைப் படிப்பவரே நிறுத்துப் பார்ப்பார். களப்பணியாளர் ஒருவர் வெயிலில் நடந்து எடுத்த பத்துக் கற்களின் முடிவு, படத்தின் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாமல் கோப்புக்குள் உறங்குவது முறையன்று. உரம் பற்றிய அறிவுரைக்கோ அப்பணியாளர் மண் பரிசோதனையையே நாட வேண்டும். 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் இருப்பது அதற்காகவே.

மூன்றாவது, பறப்பதற்கு முன்னரே அப்பகுதிப் பள்ளிகளுக்குச் செய்தி சொல்லப்பட வேண்டும். விமானம் என்ன செய்கிறது, ஏன் தாழப் பறக்கிறது என்பதை ஆசிரியர் ஒரு பாடவேளையில் விளக்கிவிட்டால், மாலைக்குள் அது எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும். எண்ணும் கருவி உள்ள பள்ளியில், ஒரு தட்டில் சமையல் உப்பையும் மற்றொன்றில் மியூரியேட் ஆப் பொட்டாஷையும் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் பத்து நிமிடம் எண்ணிப் பார்க்கச் செய்யலாம். முன்னதில் சுற்றுப்புற எண்ணிக்கையே வரும். பின்னதில் அது கூடியிருக்கும். கருவி இல்லாத பள்ளியில் மாணவர்கள் தங்கள் ஊரின் பாறை, மண், ஏரி, சாலை ஆகியவற்றைக் காகிதத்தில் வரைந்து, விமானத்துக்கு எது எவ்வாறு தோன்றும் என்று முன்கூட்டிக் கூறட்டும். படம் வெளிவந்த பின் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கு வேறுபடுகிறதோ அங்கே நேரில் சென்று காரணம் தேடட்டும். ஒரு வரைபடத்தைக் கேள்வி கேட்கக் கற்ற மாணவன், பிற்காலத்தில் எந்த வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டான்.

என் பிழைக்குத் திரும்புகிறேன். அக்களப்பணியாளரின் வினாவுக்குப் பின் அத்தொடரை, 'மேற்பரப்புப் பாறையிலும் மண்ணிலும் மொத்தப் பொட்டாசியம் மிகுந்த பகுதி. இது பயிர்க்குக் கிடைக்கும் சாம்பல் சத்தைக் குறிப்பதன்று' என்று மாற்றி எழுதினேன். நான்கு சொல் இருந்த இடத்தில் பதின்மூன்று சொல் வந்துவிட்டதென்று அச்சுக்கு இடம் ஒதுக்குவோர் குறைப்பட்டனர். இடம் சிறிது கூடுதலாகச் செலவாயிற்று என்பது உண்மையே. ஆனால் அச்சுத்தாளில் ஒரு வரி மிகுவதால் எவர்க்கும் நட்டமில்லை. அவ்வரி இல்லாமற்போனால் நட்டப்படுபவர் அப்பக்கத்தை ஒருபோதும் படித்திராத உழவர். களத்தில் உள்ள பணியாளர்களும் ஆசிரியர்களும், தங்கள் கைக்கு வரும் எந்தப் படத்திலும் எந்தக் குறிப்பிலும் ஐயம் தோன்றினால், அன்று அவர் கேட்டதுபோல் தயங்காது கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.